கத்தியின் பதம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கத்திகளை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கத்தி செய்பவன் அல்ல. கோவையில் ஒரு தொழிற்சாலையின் ஹீட் ட்ரீட்மென்ட் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரும்பைச் சூடாக்கி, குளிரவைத்து, அதற்குப் பதம் ஏற்றுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. கத்திகள் மேல் வந்த ஆசையும் அந்த வழியாக வந்ததுதான்.

எங்கள் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அவருடைய பெட்டியில் மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. அலகில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, ‘ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு’ என்ற எழுத்து. எவ்வளவு பழசாக இருக்கும்? பாலிஷ் போடலாமா?
— காரைக்குடி வாசகி

பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். பஃபிங் சக்கரத்தில் ஒருமுறை காட்டினாலே அலகில் பதித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கிப்போகும். அந்த எழுத்தை வைத்துத்தான் கத்தியின் வயதைச் சொல்ல முடியும்.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1682-இல் பதிவானது. இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களின் சங்கம் 1624-இலேயே சட்டப்படி அமைந்துவிட்டது. ஒருவர் முத்திரையை இன்னொருவர் போடாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒரு கிரீடமும் அதன் இரண்டு பக்கமும் ‘வி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1837-க்கும் 1901-க்கும் நடுவில். ‘ஜி’, ‘ஆர்’ என்றிருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம், பெரும்பாலும் 1910-க்குப் பிறகு வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகுதான் அந்தச் சொல்லைப் பதிப்பது வழக்கமானது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பதித்திருந்தால் 1913-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. ஹாரி பிரியர்லி அந்த ஆண்டில்தான் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருக்கினார்.

அந்த முத்திரைக்கு இருந்த மரியாதையால் போலிகளும் நிறைய வந்தன. பெயரில் ஒரு எழுத்து குறைகிறதா, பதிவின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இனி கண்ணை மூடிக்கொண்டு கத்தியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது அலகு வழவழவென்று நகர்ந்து, கடைசியில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். மூடும்போதும் அதே சத்தம். நல்ல மடக்குக் கத்தி நடக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும் என்பார்கள் ஷெஃபீல்டுக்காரர்கள். பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கையும் அலகின் அடியையும் அரம் போட்டு ஒன்றுக்கொன்று பொருத்துகிறார்களே, அந்த வேலை சரியாக அமைந்தால் வருகிற சத்தம் அது. ஆணி அடித்து முடுக்கிய பிறகு திருத்த வழி கிடையாது. ஸ்டான் ஷா என்ற ஷெஃபீல்டுக் கைவினைஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பள்ளியை விட்ட கையோடு பட்டறைக்குப் போனவர். 2021-இல் தம் 94-வது வயதில் இறந்தார். அவர் செய்த மடக்குக் கத்திகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

உங்கள் கத்தியில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிடிக்குப் போட்ட மான்கொம்பு பெரும்பாலும் இந்தியக் கடமானின் கொம்பு. உதிர்ந்த கொம்புகளைச் சேகரித்துக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். எஃகிலும் ஒரு கதை உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்து இரும்புத்தாதுவைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டு, பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, உருக்கும் எஃகோடு மாங்கனீசு சேர்த்தால் அடிக்க வசதியாக இருக்கும் என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுக்க அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் காப்புரிமைப் பணம் அவர் கைக்கு வரவில்லை. வழக்கு வழக்கு என்று அலைந்தே வாழ்க்கை முடிந்தது. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பராமரிப்பு எளிது. மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். சிவப்புத் துரு இருந்தால் எண்ணெய் தொட்டு, மிக நைசான ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேயுங்கள். சாம்பலும் நீலமும் கலந்த கறை துரு அல்ல, அது இரும்பைக் காக்கும் படலம், அதைத் தொடாதீர்கள். கொம்புப் பிடியை மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டாம். விற்கும் யோசனை இருந்தால் முதலில் வனத்துறையில் விசாரியுங்கள், கடமான் கொம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். என்னைக் கேட்டால் விற்காதீர்கள். தினமும் மாம்பழம் நறுக்குங்கள்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஆசாரி அருவாளைக் காய்ச்சித் தண்ணீரில் விடுவதைப் பார்த்தேன். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை. இது வெறும் குத்துமதிப்புதானே? இதில் எப்படித் தரம் வரும்?
— கோவில்பட்டி மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியில் கண்ணுக்குத் தெரிவது வடிவமும் மினுமினுப்பும். வெட்டுவது அதுவல்ல. இரும்புக்குள் கரி, அதாவது கார்பன், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வெட்டுகிறது. அதைத் தீர்மானிப்பது அடித்து முடித்த பிறகு நடக்கும் சில நிமிட வேலை. எத்தனை அழகான அலகாக இருந்தாலும் அந்த நிமிடங்கள் தவறினால் அது வெறும் தகடு.

நம் ஊர்ப் பட்டறைகளில் இப்போது அதிகம் பயன்படுவது லாரியின் பட்டை ஸ்பிரிங். அதில் கரி ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். அதைச் சுமார் 850 டிகிரி வரை சூடாக்கினால் உள்ளே இருக்கும் கரி இரும்போடு முழுக்கக் கலந்துவிடும். அந்த நேரத்தில் சட்டென்று குளிரவைத்தால் கரி வெளியே வர நேரமில்லாமல் சிக்கிக்கொள்ளும். கடினம் வருவது அப்படித்தான். நூறு டிகிரி குறைந்தால் கடினம் ஏறாது. நூறு டிகிரி கூடினால் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை ஒடித்துப் பார்த்தால் உடைந்த இடம் ரவை மாதிரி இருக்கும். நல்ல பதத்தில் எடுத்தது ஒடிந்தால் அந்த முகத்தில் மணியே கண்ணுக்குத் தெரியாது.

நான் வேலை செய்த இடத்தில் உலைக்கு மேலே எண் காட்டும் கருவி இருந்தது. ஆசாரிக்கு அந்த எண் நிறமாகத் தெரிகிறது. பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உலைக்கு மேலே கூரையைத் தாழ்த்தி, ஜன்னலைக் குறைத்து வைத்திருப்பது காசில்லாமல் அல்ல. வெயிலில் பார்த்தால் 850 டிகிரிச் சிவப்பும் 750 டிகிரிச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும், நிழலில்தான் பிரித்துப் பார்க்க முடியும். நல்ல ஆசாரி மத்தியான வெயிலில் தோய்ச்சல் வேலை, அதாவது காய்ச்சித் தண்ணீரில் விடும் வேலை, வைத்துக்கொள்ள மாட்டார். விடிகாலை, அல்லது பொழுது சாய்ந்த பிறகு. உங்களுக்குச் சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பைக் காந்தம் இழுக்காது. ஆசாரி ‘இப்போ சரி’ என்று சொல்லும் நிறம் அந்த எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். நீங்கள் பார்த்தபோது ஆசாரி முழு அருவாளையும் முக்கினாரா, அதன் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, மட்டும் முக்கினாரா? பெரும்பாலும் வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்து, மெல்ல ஆட்டுவார். முதுகு சிவப்பாகவே இருக்கும். வெளியே எடுத்து, வாயை ஒரு செங்கல்லில் நாலு இழுப்பு இழுத்து வெள்ளையாக்கி, உற்றுப் பார்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக வாயை நோக்கி இறங்கும். அப்போது பளபளப்பான அந்தப் பட்டையில் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் மஞ்சள் என்றால் 220 டிகிரியை ஒட்டி, நீலம் என்றால் 300. சவரக்கத்திக்கு இளமஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். சமையல் கத்திக்கு மஞ்சள் பழுப்பாகும்போது. விறகு வெட்டும் அருவாளுக்கு இன்னும் கொஞ்சம் விட்டு, பழுப்பு கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பும்போது. அந்த நிறம் வாய்க்கு வந்த நொடியில் முழு அலகையும் தண்ணீரில் விடுவார். வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் ஒரே இரும்பில் அமைந்துவிடும். தொழிற்சாலையில் இதே பலனுக்கு இரண்டு உலைகள், ஒரு எண்ணெய்த் தொட்டி, பல மணி நேரம் வேண்டும்.

தவறு நடக்காதா என்றால் நடக்கும். தண்ணீர் வேகமாகக் குளிரவைக்கும் என்பதால் பட்டை ஸ்பிரிங் சில சமயம் கீறல் விடும், அதற்கு எண்ணெய்தான் பத்திரம். சில ஆசாரிகள் அதைத் தெரிந்து எண்ணெயில் விடுகிறார்கள். எங்கள் பக்கம் பல்லடம் சாலையில் ஒரு பெரியவர், பழைய டீசல் எஞ்சின் ஆயிலை மண்தொட்டியில் ஊற்றி, முதலில் ஒரு சூடான கம்பியை அதில் விட்டு வெதுவெதுப்பாக்கிய பிறகுதான் கத்தியை விடுவார். எண்ணெய் ஓரளவு சூடாக இருந்தால்தான் இளகி ஓடி, சீராகக் குளிரவைக்கும். பாடப்புத்தகத்தில் நான் படித்ததை அவர் தன் அப்பாவிடம் கற்றிருக்கிறார்.

அதனால் ‘குத்துமதிப்பு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள் தம்பி. அடுத்த முறை போகும்போது செங்கல்லில் இழுத்த பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், அருவாள் வாயின் நிறத்தைப் பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள், அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் ‘டமாஸ்கஸ்’ சமையல் கத்தி, 67 அடுக்கு என்று அலை அலையான கோடுகளோடு விற்கிறார்கள். வாங்கலாமா? இது நம் பழைய எஃகு என்கிறார்களே, உண்மையா?
— பெங்களூர் வாசகர்

மூன்று விதமான பொருள் ஒரே பெயரில் விற்கிறது. ஒன்று, இரண்டு வகை எஃகை அடுக்கி, சூட்டில் ஒட்டவைத்து, மடித்து அடித்தது. 67 அடுக்கு என்பது இந்த வகை. நடுவில் ஒரு நல்ல எஃகுத் தகடும் அதன் இருபுறமும் கோடு போட்ட அடுக்குகளும் இருக்கும். வெட்டுவது நடுத்தகடு மட்டும்தான், கோடுகள் அலங்காரம். அலங்காரம் தப்பில்லை, நன்றாக அடித்தது கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது. இரண்டாவது, சாதாரணத் தகட்டில் லேசரால் கோடு பொறித்தது. இதைக் கண்டுபிடிக்க முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கு என்றால் கோடுகள் முதுகிலும் தொடரும். பக்கத்தில் மட்டும் கோடு, முதுகு மொழுக்கென்றிருந்தால் காசைத் திரும்ப வாங்குங்கள்.

மூன்றாவதுதான் நம் எஃகு, வெளிநாட்டார் ‘வூட்ஸ்’ என்று எழுதியது. அதை நீங்கள் கடையில் பார்க்கப் போவதில்லை. அதில் அடுக்கே கிடையாது. இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையை வைத்து, எருக்கிலையால் மூடி, மூசை என்ற சின்ன மண் உருக்குக்கலத்தில் அடைத்து, களிமண்ணால் பூசி, பல மணி நேரம் ஊதி உருக்குவார்கள். நம் ஊர்களில் பார்த்ததை ஹீத் அப்படித்தான் எழுதி வைத்தார். உள்ளே 1.5 சதவீதத்தை ஒட்டிக் கரி ஏறிய உருண்டை கிடைக்கும். அதைத் தாழ்ந்த சூட்டில் பொறுமையாக அடித்தால், உள்ளே இருக்கும் கரிச்சேர்மம் வரிவரியாக ஒதுங்கி, நீரோட்டம் போன்ற கோடு தானாகவே வெளியே தெரியும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், மூசை வைத்து எஃகு உருக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எனக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம். அந்த மண்ணில் நடக்கும்போது காலுக்குக் கீழே கசடு நெறிபடும்.

இந்த எஃகு லண்டனுக்குப் போனதும் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். அந்தத் துண்டுகளில் ஒன்றை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கடைக்காரர் பேனாக்கத்தியாக அடித்தார். அதே ஸ்டோடார்ட்தான் பின்னால் மைக்கேல் ஃபாரடேவோடு சேர்ந்து வூட்ஸை ஆராய்ந்தார். எஃகுக் கலவைகள் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1820-இல் வந்தது. மின்சாரத்துக்காக நாம் கொண்டாடும் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். நம் எஃகின் ரகசியத்தைத் தேடி உலை முன்னால் நின்றவர் அவர் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆக, 67 அடுக்குக் கத்தி பிடித்திருந்தால் வாங்குங்கள். நடுத்தகடு என்ன எஃகு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வேண்டாம்.

பட்டறையில் வாங்கிய அரிவாள்மணை வெங்காயம் நறுக்கினால் கருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வெள்ளையாகிறது, மறுநாள் மறுபடி கருப்பு. எப்படி நிறுத்துவது?
— நாகர்கோவில் வாசகி

புளி போடுவதை நிறுத்துங்கள், தானாக நிற்கும். ஒவ்வொரு முறையும் புளியின் அமிலம் இரும்பின் மேல்படலத்தை அரித்துவிடுகிறது, அடியில் இருக்கும் பச்சை இரும்பு மறுபடி முதலிலிருந்து கருக்கிறது. நறுக்கி முடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. கொஞ்ச நாளில் அலகு ஒரே சீரான சாம்பல் நிறத்துக்கு வரும், பிறகு வெங்காயம் கருக்காது. அதுவரை எலுமிச்சையும் மாங்காயும் நறுக்க வேறு கத்தியை எடுங்கள்.

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா, வீட்டிலேயே தீட்ட வேண்டுமா?
— திருச்சி வாசகர்

மிதித்துச் சுற்றும் சாணை என்றால் தைரியமாகக் கொடுங்கள், அதன் வேகம் குறைவு. பயப்பட வேண்டியது மின்சாரக் கிரைண்டருக்கு. பொறி பறக்கிறது என்று நாம் ரசித்துக்கொண்டிருப்போம், வாய் ஓரம் நீலமாகியிருக்கும். மேலே சொன்னேனே, நீலம் என்றால் 300 டிகிரி. ஆசாரி மஞ்சளில் நிறுத்தி வைத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது. பார்க்கக் கூராக இருக்கும், நாலு நாளில் மழுங்கும். நீலம் தெரிந்த இடம் தேய்ந்து முடியும்வரை அந்தக் கத்தி அப்படித்தான்.

வீட்டுக்கு ஒரு பக்கம் சொரசொரப்பும் ஒரு பக்கம் நைசுமாக இருக்கும் கார்பொரண்டம் கல் போதும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தண்ணீர் விட்டு, கத்தியைக் கல்லோடு 15 முதல் 20 டிகிரி சாய்த்து, ஒரு பக்கமாகத் தேயுங்கள். மறுபக்கம் விரலால் தடவினால் ஓரத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் பிசிறு வருமுன்பே புரட்டிவிடுகிறார்கள், அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் கூர் வருவதில்லை. கடைசியில் நைஸ் பக்கத்தில், கை பாரம் இல்லாமல், மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. தக்காளித் தோல் அழுத்தாமல் அறுந்தால் சரி.

கூர் என்றால் என்ன என்று பார்க்க ஆசைப்பட்டால் பனையேறுபவரின் பாளை அரிவாளைப் பாருங்கள். பாளையை அவர்கள் வெட்டுவதில்லை, தினமும் தாள் கனத்துக்குச் சீவுகிறார்கள். கொஞ்சம் கசங்கினாலும் சுரப்பு கெட்டுவிடும். அதற்காக மரப்பலகையில் கல்பொடி தூவித் தீட்டி, அரிவாள்பெட்டியில் மற்ற இரும்போடு உரசாமல் வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் இதைவிட நுட்பமான வெட்டுக்கருவியை நான் பார்த்ததில்லை. அதை யாரும் சேகரிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கத்தி சேர்ப்பது சட்டப்படி சரியா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
— சென்னை வாசகர்

சமையல், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆயுதச் சட்ட விதிகள் கட்டுப்படுத்துவது வாள், குத்துவாள், குக்ரி, 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகு உள்ள மற்றவற்றை. அதுவும் அரசு அறிவித்த பகுதிகளில். வாள், கட்டாரி பக்கம் போவதாக இருந்தால் முதலில் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு இடம் தருவதில்லை. தந்தப் பிடி போட்டதை வாங்கவே வேண்டாம், எவ்வளவு பழசானாலும்.

வீட்டார் பயத்துக்கு: பூட்டுள்ள அலமாரி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம். தோல் உறைக்குள் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். 1930, 40-களின் செல்லுலாய்டு பிடிக் கத்தி இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அந்தப் பிடி சிதையும்போது வரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

ஒரே மாதிரி கத்தி சூப்பர்மார்க்கெட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, கையால் செய்தது என்பதற்காக ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?
— மதுரை வாசகி

சூப்பர்மார்க்கெட் கத்தியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, எலுமிச்சைக்கு அதுதான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி அல்ல அம்மா. அது தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது, முதுகிலிருந்து முனைவரை பெரும்பாலும் ஒரே கனம். பட்டறைக் கத்தியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: பிடிக்குப் பக்கத்தில் முதுகு தடிமனாகத் தொடங்கி முனைக்குப் போகப் போக மெலியும். முருங்கைக்காயை அடிக்கட்டில் வெட்டலாம், பச்சை மிளகாயை முனையில் கீறலாம். அந்த மெலிவு சம்மட்டியால் வந்தது.

விலை என்பது யாரோ ஒருவர் உடம்பும்தான். ஷெஃபீல்டில் 19-ஆம் நூற்றாண்டில் உலர்ந்த சாணைக்கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள், கல்தூள் நுரையீரலில் படிந்து முப்பதுகளிலேயே செத்துப்போனார்கள். மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தூசியை உறிஞ்ச விசிறி வைக்கலாம் என்று தெரிந்த பிறகும் பல இடங்களில் வைக்கவில்லை. மலிவாகக் கத்தி வேண்டும் என்றால் எங்கேயோ ஒருவர் அந்தத் தூளைச் சுவாசிக்கிறார். ஜப்பானின் சகாயில் இன்றும் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்துச் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கூலி சேர்ந்தே விலை வருகிறது, உலகமே கொடுத்து வாங்குகிறது. திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிப்பவரிடம் மட்டும் நாம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். எனக்கு இது சகிக்கவில்லை.

பட்டறையில் சொல்லிச் செய்ய ஆசை. என்ன சொல்ல வேண்டும், செய்ததை எப்படிச் சோதிப்பது?
— சேலம் வாசகர்

‘நல்ல கத்தி ஒண்ணு’ என்று சொல்லாதீர்கள். எதை வெட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: காய்கறியா, மீனா, தேங்காயா. வலது கையா, இடது கையா. உங்களுக்குப் பழகிய கத்தி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், அளவு சொல்ல அதைவிடச் சுலபமான வழி இல்லை. காய்கறிக்கு என்றால் மெலிதாக அடிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் உடையக் கூடாது என்று தடிமனாகவே அடிப்பார்கள். பிடிக்கு நன்றாகக் காய்ந்த கருவேலம், புளி, பூவரசு எதுவும் சரி. பச்சை மரம் வேண்டாம், காய்ந்ததும் பூண் கழன்றுவிடும். அறுவடைக் காலத்தில் போனால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அது கழிந்த பிறகு போங்கள்.

செய்து வந்ததும் விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். ‘ணங்’ என்று நீண்டால் நல்லது. சத்தம் செத்திருந்தால் எங்கோ கீறல். அதே சோதனையைப் பிடி போடுவதற்கு முன்னால் செய்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். பிறகு ஒரு பழைய அரத்தை வாய் ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது, மெத்தென்று கடித்தால் ஏறவில்லை. ஏறாவிட்டால் சண்டை போடாமல் திருப்பிக் கொடுங்கள், மறுபடி காய்ச்சித் தோய்த்துத் தருவார். ஆறு மாதம் கழித்து வாய் தேய்ந்ததும் கிரைண்டருக்குப் போகாமல் அவரிடமே கொண்டு போய்த் தட்டி வாங்குங்கள். அப்படியே அவருடைய குறியையும் அலகில் பதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல ஆசாரிகளிடம் அப்பா காலத்து முத்திரை உளி இருக்கும், யாரும் கேட்பதில்லை என்று எடுத்து வைத்திருப்பார்கள்.